பனிவழி வந்த அஞ்சல்

நுழையும்முன்

அரசர்களின் வரலாறு கல்வெட்டிலும் செப்பேட்டிலும் கிடைக்கிறது. எளிய மனிதரின் வரலாறு எங்கே கிடைக்கும்? பெயர்ப் பதிவேட்டில், கல்லறையில், பிறர் நினைவில். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நார்வே நாட்டிலிருந்து அமெரிக்காவில் குடியேறிய முன்னோடி ஒருவரின் வாழ்வைத் தேடிய ஆசிரியர் ஒருவரின் அனுபவமே இக்கட்டுரை.

கல்லில் ஒரு பிழை

சில ஆண்டுகளுக்கு முன் மார்கழி மாதத்து இரவொன்றில், அமெரிக்காவில் பணிபுரியும் என் பழைய மாணவர் ஒருவர் நிழற்படம் ஒன்றை அனுப்பியிருந்தார். நெவாடா மாநிலத்தில் மலையடிவாரத்தில் உள்ள ஜெனோவா என்னும் சிற்றூரின் கல்லறைத் தோட்டத்தில் எடுத்த படம். வெண்ணிறக் கல்லொன்று நின்றது. அதன் மேற்பகுதியில் இரண்டு நீண்ட கட்டைகள் குறுக்கும் நெடுக்குமாகச் செதுக்கப்பட்டிருந்தன. படத்தின் கீழே மாணவர் ஒரே வரி எழுதியிருந்தார்: “ஐயா, இவரும் ஓர் அஞ்சல்காரர்.”

‘இவரும்’ என்ற சொல்லில் உள்ள உம்மையைக் கண்டதும் என் மனம் நெகிழ்ந்தது. அஃது எச்சவும்மை, சொல்லாமல் விட்ட இன்னொருவரையும் தழுவி நிற்பது. அந்த இன்னொருவர் என் தந்தையார். ஏழு சிற்றூர்களுக்குக் கடிதம் சுமந்த அஞ்சல்காரர் அவர். வகுப்பில் நான் அவரைப் பற்றிப் பேசியதை இருபது ஆண்டுகள் கழித்தும் அம்மாணவர் மறக்கவில்லை.

படத்தைப் பெரிதாக்கிக் கல்லின் எழுத்துகளைப் படித்தேன். ஜான் ஏ. தாம்சன், நார்வே நாட்டில் பிறந்தவர், 1876ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் மறைந்தவர், அகவை 49 என்று இருந்தது. ஆனால், அவரைப் பற்றிய நூல்களிலெல்லாம் அவர் பெயர் ‘தாம்ப்சன்’ என்றே காணப்படுகிறது. கல்லில் ‘பி’ என்னும் ஆங்கில எழுத்து விடுபட்டிருந்தது. முப்பது ஆண்டுகளாக மாணவர்களின் ஏடுகளில் சிவப்பு மையால் பிழை திருத்தி வந்தவன் நான். திருத்தவே முடியாத இடத்தில் ஒரு பிழையைக் கண்டபோது என்னால் அதைக் கடந்து செல்ல இயலவில்லை. இவருடைய சரியான பெயர் என்ன என்று தேடத் தொடங்கினேன். ஒரு பெயரைத் தேடிச் சென்றவன் ஒரு வாழ்வையே கண்டேன்.

பெயருக்குள் ஓர் ஊர்

தேடலின் முதற்படியிலேயே வியப்புக் காத்திருந்தது. கல்லில் உள்ள பெயர் மட்டுமன்று, நூல்களில் உள்ள பெயரும் அவர் பிறந்தபோது பெற்ற பெயரன்று. அவர் இயற்பெயர் யூன் தோர்ஸ்டைன்சன் ரூ. இப்பெயர் மூன்று உறுப்புகளைக் கொண்டது. ‘யூன்’ என்பது அவருக்கு இட்ட பெயர். ‘தோர்ஸ்டைன்சன்’ என்பது தோர்ஸ்டைனின் மகன் எனப் பொருள்படும். ‘ரூ’ என்பது அவர் பிறந்த பண்ணையின் பெயர். ஊரையும் தந்தையையும் தன்னையும் ஒருசேரச் சொல்லும் இப்பெயர்முறை, ஊர்ப்பெயருக்கும் தந்தை பெயருக்கும் முதலெழுத்திட்டுத் தம் பெயரை எழுதும் நமக்கு எளிதில் விளங்கும்.

அக்கால நார்வே நாட்டுப்புறத்தில் நிலையான குடும்பப்பெயர் கிடையாது. தந்தை பெயர் தலைமுறைதோறும் மாறும். பண்ணையை விட்டு வேறு பண்ணைக்குக் குடிபெயர்ந்தால் பண்ணைப்பெயரும் மாறும். குடும்பப்பெயரை நிலையாகக் கொள்ள வேண்டும் என்ற சட்டம் அந்நாட்டில் 1923ஆம் ஆண்டில்தான் வந்தது. அதற்கு முன்பே கடல் கடந்தவர்கள், அமெரிக்க எழுத்தரின் நாவுக்கும் செவிக்கும் ஏற்றவாறு தம் பெயரைச் சுருக்கிக்கொண்டார்கள். உடன்பிறந்த மூவர் மூன்று குடும்பப்பெயர்களோடு வாழ்ந்ததும் உண்டு. இன்று அமெரிக்காவில் வாழும் நார்வே வழித்தோன்றல்கள் தம் முன்னோரைத் தேடும்போது முதலில் தடுக்கி விழும் இடம் இதுவே.

அவர்களுக்குக் கைகொடுப்பவை திருச்சபைப் பதிவேடுகள். பிறப்பு, திருமுழுக்கு, திருமணம், இறப்பு, ஊரை விட்டு நீங்குதல் ஆகியவற்றை அந்தந்த ஊர்க் குருவானவர் தம் கையால் எழுதி வைத்தார். 1801ஆம் ஆண்டு நார்வேயில் எடுக்கப்பட்ட மக்கள்தொகைக் கணக்கில் நாட்டு மக்கள் அனைவரும் பெயர்வாரியாகப் பதியப்பெற்றனர். பண்ணைகளின் வரலாற்றையும் அவற்றில் வாழ்ந்த குடும்பங்களின் வரிசையையும் சொல்லும் ஊர்வரலாற்று நூல்கள் பல பகுதிகளுக்கு உள்ளன. பழைய பதிவேடுகளை அந்நாட்டு ஆவணக் காப்பகம் இணையத்தில் எவரும் பார்க்குமாறு வைத்திருக்கிறது. நானும் சில பக்கங்களைத் திரையில் விரித்துப் பார்த்தேன். சாய்ந்தும் நெளிந்தும் ஓடிய அக்கையெழுத்தில் ஒரு வரியைக்கூட என்னால் படிக்க முடியவில்லை. ஆயினும், தமக்கு எவ்விதத்திலும் உறவில்லாத ஓர் உழவர் குழந்தையின் பெயரை அக்கறையோடு எழுதிவைத்த அக்கையை எண்ணி வணங்கினேன்.

அப்போது என் நெஞ்சைக் குத்திய நினைவு ஒன்றை இங்குச் சொல்லியாக வேண்டும். நான் பணியில் சேர்ந்த புதிதில், மாணவர் சேர்க்கைப் பதிவேட்டில் சிறுமி ஒருத்தியின் பெயரில் வரவேண்டிய ழகரத்தை ளகரமாக எழுதிவிட்டேன். தமிழாசிரியர் செய்த பிழை அது! பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, அயல்நாட்டுப் பணிக்குச் செல்லவிருந்த அப்பெண், சான்றிதழ்களில் பெயர் ஒத்துவராமல் அலுவலகம் அலுவலகமாக அலைந்தாள். இறுதியில் என்னிடமே வந்து நின்றாள். “பரவாயில்லை ஐயா” என்று அவள் சொன்னாள். அச்சொல் இன்றும் என்னைச் சுடுகிறது.

கடல் கடந்த சிறுவன்

யூன் பிறந்தது 1827ஆம் ஆண்டு. நார்வேயின் தெலமார்க் பகுதியில் உள்ள தின் என்பது அவர் ஊர். கௌஸ்தா என்னும் உயர்ந்த மலை நிற்கும் நாடு அது. நார்வேயின் நிலப்பரப்பில் ஏறத்தாழ நூற்றுக்கு மூன்று பங்கே உழுதற்கு ஏற்றது. எஞ்சியவை மலையும் காடும் நீருமே. பண்ணை பொதுவாக மூத்த மகனையே சேரும். மக்கள்தொகை பெருகியபோது இளையவர்கள் பிறர் நிலத்தின் ஓரத்தில் குடிசையிட்டுக் கூலிக்கு உழைத்தனர். நிலமில்லாத வாழ்வே அவர்களைக் கடலை நோக்கித் தள்ளியது.

1825ஆம் ஆண்டு சூலை மாதம் ஸ்டவாங்கர் துறைமுகத்திலிருந்து ‘ரெஸ்டவுரேஷன்’ என்னும் சிறு பாய்மரக்கலம் 52 பேருடன் புறப்பட்டது. நடுக்கடலில் குழந்தை ஒன்று பிறந்தது. அக்டோபரில் நியூயார்க்கை அடைந்தபோது அவர்கள் 53 பேர். நார்வேயிலிருந்து அமெரிக்காவிற்கு மக்கள் கூட்டமாகக் குடிபெயர்ந்த வரலாறு அக்கலத்தோடு தொடங்குகிறது. அடுத்த நூறாண்டுகளில் ஏறத்தாழ 8 இலட்சம் பேர் அவ்வழியே சென்றனர்.

தந்தையை இளமையிலேயே இழந்த யூன், 1837ஆம் ஆண்டு தம் பத்தாம் வயதில் குடும்பத்தாருடன் அமெரிக்கா சேர்ந்தார். இல்லினாய், மிசௌரி, அயோவா என நிலம் தேடி அக்குடும்பம் இடம் மாறிக்கொண்டே இருந்தது. புதிய மண்ணில் தோர்ஸ்டைன்சன் தாம்ப்சன் ஆயிற்று. யூன் ஜான் ஆனார். ரூ என்னும் பண்ணை கடலுக்கு அப்பால் நின்றுவிட்டது. கலிபோர்னியாவில் பொன் கிடைக்கிறது என்ற செய்தி நாடெங்கும் பரவியபோது, இளைஞரான ஜானும் 1851ஆம் ஆண்டு கறவை மாடுகளை ஓட்டிக்கொண்டு மேற்கே சென்றார். சுரங்கத்தில் சிலகாலம் உழைத்தும் பெரும்பொருள் சேரவில்லை. சிறிது பணத்தைக் கொண்டு சாக்ரமெண்டோ சமவெளியில் நிலம் வாங்கி உழவரானார்.

கை மறவாத கலை

கலிபோர்னியாவுக்கும் அதன் கிழக்கே உள்ள சமவெளிக்கும் இடையே சியரா நெவாடா மலைத்தொடர் மதிலெனக் கிடக்கிறது. 1846ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் அம்மலையைக் கடக்க முயன்ற டானர் குழுவினர் பனியில் சிக்கினர். அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் மாண்டனர். குளிர்காலம் வந்துவிட்டால் மலைக்கு அப்பால் வாழ்ந்த குடியேறிகளுக்கு உலகத்தோடு தொடர்பே அற்றுப்போகும். தாய் இறந்த செய்தியும் மகன் பிறந்த செய்தியும் பனி உருகும்வரை மலைக்கு இப்பாலேயே கிடக்கும். அஞ்சலைச் சுமந்து செல்ல ஆள் தேவை என்ற அறிவிப்பை 1855ஆம் ஆண்டின் இறுதியில் நாளிதழ் ஒன்றில் ஜான் கண்டார்.

பத்து வயதில் விட்டுவந்த தெலமார்க் அப்போது அவர் கைகளில் விழித்துக்கொண்டது. அங்கே குழந்தைகள் நடக்கக் கற்ற சில காலத்திலேயே பனியில் சறுக்கக் கற்றுக்கொள்வர். ‘ஸ்கீ’ என்னும் சொல்லுக்கே பழைய நார்வே மொழியில் பிளந்த மரத்துண்டு என்பது பொருள். ஜான் தம் தோட்டத்து ஓக் மரத்தைப் பிளந்து இரண்டு சறுக்குக் கட்டைகளைச் செய்தார். ஒவ்வொன்றும் பத்தடி நீளம். இரண்டும் சேர்ந்து 25 பவுண்டு எடை. இப்படியொன்றை அங்கிருந்தோர் பெரும்பாலும் கண்டதே இல்லை. நீண்ட கழியொன்றை இரு கைகளாலும் பற்றிக்கொண்டு, 1856ஆம் ஆண்டு சனவரியில் பிளாசர்வில் ஊரிலிருந்து அவர் மலையேறத் தொடங்கியபோது வேடிக்கை பார்க்கக் கூடியவர்களில் பலர் அவர் திரும்பி வருவார் என்று நம்பவில்லை.

அவர் திரும்பி வந்தார். பிளாசர்வில்லிலிருந்து ஜெனோவாவுக்கு ஏறத்தாழ 90 மைல். ஏற்றம் மிகுந்த போகும் வழிக்கு மூன்று நாள். இறக்கம் மிகுந்த வரும் வழிக்கு இரண்டு நாள். தோளில் 60 முதல் 100 பவுண்டு வரை சுமை. கடிதங்களோடு மருந்து, நூல், துணி, கருவிகள் எனக் கேட்டவற்றையெல்லாம் சுமந்தார். சுமை கூடும் என்பதால் போர்வையும் துப்பாக்கியும் எடுத்துச் செல்வதில்லை. வாற்றிய இறைச்சியும் உலர்ந்த ரொட்டியுமே உணவு. பனியின் வெள்ளொளி கண்ணைக் கெடுக்காதிருக்க முகத்தில் கரியைப் பூசிக்கொள்வார். புயல் வீசும் இரவுகளில் பாறையொன்றின்மேல் ஏறி, விடியும்வரை ஆடிக் குதித்து உடற்சூட்டைக் காத்துக்கொள்வாராம். திசைகாட்டி இல்லை, விண்மீனும் நீரோட்டமும் மரங்களின் தோற்றமுமே வழிகாட்டிகள். அவர் வழிதவறியதாக ஒரு செய்தியும் இல்லை.

அமெரிக்க அஞ்சல் வரலாற்றில் பெரும்புகழ் பெற்ற குதிரை அஞ்சல் சேவை 1860, 1861ஆம் ஆண்டுகளில் ஏறத்தாழப் பதினெட்டு மாதங்களே நடைபெற்றது. தாம்ப்சனோ ஏறத்தாழ இருபது குளிர்காலங்கள் அஞ்சல் சுமந்தார்.

ஓர் உயிரும் ஒரு குப்பியும்

அவர் வாழ்வின் நிகழ்ச்சிகளுள் என்னை உறங்கவிடாமல் செய்தது ஒன்று. 1856ஆம் ஆண்டு டிசம்பரில் மலைமேல் இருந்த குடிசையொன்றில் ஜேம்ஸ் சிசன் என்பவரைத் தாம்ப்சன் கண்டார். கால்கள் பனியில் உறைந்து, பன்னிரண்டு நாள்களாகத் தனியே கிடந்தவர் அவர். தாம்ப்சன் விறகு பிளந்து தீ மூட்டிவிட்டு, இரவோடு இரவாக மலையிறங்கி ஜெனோவாவை அடைந்தார். ஆள்களைத் திரட்டி அவர்களுக்கும் சறுக்குக் கட்டைகள் செய்து கொடுத்தார். மீண்டும் மலையேறிச் சென்று, சறுக்கு வண்டியில் கிடத்திச் சிசனைக் கீழே கொண்டுவந்தனர்.

கால்களை வெட்டியெடுத்தாலன்றி உயிர் பிழைக்காது என்றார் மருத்துவர். ஆனால், அதற்கு வேண்டிய குளோரோபார்ம் என்னும் மயக்கமருந்து அவ்வூரில் இல்லை. மலைக்கு அப்பால்தான் கிடைக்கும். அப்போதுதான் வந்து சேர்ந்திருந்த தாம்ப்சன் மறுபடியும் கட்டைகளைக் காலில் பூட்டினார். பிளாசர்வில்லிலும் அம்மருந்து கிடைக்கவில்லை. சாக்ரமெண்டோ வரை சென்று வாங்கி வந்தார். சிசன் கால்களை இழந்தார், உயிர் பிழைத்தார். ஒரு கண்ணாடிக் குப்பிக்காக ஒரு மலைத்தொடரை இருமுறை கடந்தவருக்குச் சிசன் உறவினரும் அல்லர்; நண்பரும் அல்லர். வழியில் கண்டவர், அவ்வளவே.

கிடைக்காத கூலி

இவ்வளவு செய்தவருக்கு அரசு என்ன கொடுத்தது? அஞ்சல் சுமந்ததற்கு உரிய ஊதியம் அவருக்கு முறையாகக் கிடைக்கவே இல்லை. கடிதம் எழுதுவோரும் பெறுவோரும் மனமுவந்து தந்ததைப் பெற்றுக்கொண்டு, உழவுத் தொழிலால் வாழ்ந்தார். 1866ஆம் ஆண்டு ஆக்னஸ் என்பவரை மணந்தார். மறு ஆண்டு ஆர்தர் என்னும் ஒரே மகன் பிறந்தான். 1869ஆம் ஆண்டு நெவாடா சட்டமன்றம் அவருக்காக நடுவண் அரசிடம் பரிந்துரைத்தது. அவரே வாஷிங்டனுக்குப் புறப்பட்டும் சென்றார். வழியில் தொடர்வண்டி பனியில் சிக்கி நின்றது. தாம்ப்சன் வண்டியிலிருந்து இறங்கி, அடுத்து வண்டி ஓடும் ஊர்வரை நடந்தே சென்றுவிட்டார்! பனி அவரைத் தடுக்கவில்லை. அலுவலகத்து மேசைகளே தடுத்தன. முறையான ஒப்பந்தம் அவர் பெயரில் இல்லை என்பது காரணமாகச் சொல்லப்பட்டது. வெறுங்கையோடு திரும்பினார்.

அப்படியிருந்தும், அடுத்த பனி விழுந்தபோது அவர் அஞ்சற்பையைத் தூக்கினார் என்பதே இவ்வரலாற்றில் நான் மீண்டும் மீண்டும் எண்ணிப் பார்க்கும் இடம். அவர் சுமந்தது அரசின் பையை அன்று. மலைக்கு அப்பால் காத்திருந்தவர்களின் ஏக்கத்தை. ஊதியத்திற்கு மறுமொழி சொல்ல வேண்டியது அரசு. காத்திருப்போருக்கு மறுமொழி சொல்ல வேண்டியவர் தாமே என்று அவர் கருதியிருக்க வேண்டும்.

1876ஆம் ஆண்டு மே மாதம் குடல்வால் அழற்சி நோயால் அவர் மறைந்தார். இரண்டு ஆண்டுகளில், தொண்டை அடைப்பான் நோயால் பதினொரு வயதில் ஆர்தரும் இறந்து தந்தையின் அருகிலேயே அடக்கம் செய்யப்பட்டான். பேரர் எவரும் வந்து தேட வழியின்றி அக்குடி அவ்வாறு முடிந்தது. கணவரையும் ஒரே மகனையும் இழந்த ஆக்னஸ் சில ஆண்டுகளுக்குப் பின் நாட்டிய கல்தான் நான் படத்தில் கண்டது. அதில்தான் ஓர் எழுத்துக் குறைந்திருந்தது.

உரியவரிடம் சேர்தல்

என் தந்தையாரைப் பற்றி ஒன்று சொல்லி இதை முடிக்கிறேன். சிறுவனாக இருந்தபோது விடுமுறை நாள்களில் அவர் மிதிவண்டியின் பின்னால் அமர்ந்து செல்வேன். ஒருநாள் ஒரு கடிதத்தில் பெயர் தவறு, தெருவும் தவறு. “அப்பா, இந்தப் பெயரில் இங்கே யாரும் இல்லையே, திருப்பி அனுப்பிவிடுவீர்களா?” என்று கேட்டேன். அவர் உறையைத் திருப்பிப் பார்த்தார். அனுப்பியவரின் ஊரைப் பார்த்தார். சற்று எண்ணினார். பிறகு, ஊர்க்கோடியில் தனியே வாழ்ந்த மூதாட்டி ஒருவரின் வாசலில் வண்டியை நிறுத்தினார். கடிதம் அந்த அம்மையாருக்கே உரியது. திரும்பும் வழியில் தந்தையார் சொன்னார்: “எழுதினவங்க பேரைத் தப்பா எழுதலாம் தம்பி. ஆளைத் தெரிஞ்சவன் ஒருத்தன் வழியில இருந்தா, கடுதாசி போய்ச் சேர்ந்துடும்.”

ஜெனோவாவில் நிற்கும் கல்லும் அத்தகைய கடிதமே என்று இப்போது தோன்றுகிறது. முகவரியில் எழுத்துக் குறைந்திருக்கிறது, அனுப்பியவரும் மறைந்துவிட்டார். ஆனால், ஆளை அறிந்தவர்கள் வழியில் இருந்தார்கள். டேன் டி குவில் என்னும் இதழாளர் தாம்ப்சனை நேரில் கண்டு உரையாடி, அவர் வரலாற்றை 1886ஆம் ஆண்டு எழுதி வெளியிட்டார். தின் ஊர்க் குருவானவர் ஒருவர் அவர் பிறந்ததை எழுதி வைத்திருந்தார். நார்வே வழித்தோன்றல்கள், குருதி உறவு இல்லாதபோதும் அவரைத் தம் முன்னோராகவே கொண்டாடுகின்றனர். இறுதியில் அது தொலைதூரத்துத் தமிழாசிரியன் ஒருவனின் கைக்கும் வந்து சேர்ந்தது.

முன்னோரைத் தேடுவது குடிப்பெருமை பேசுவதற்காக அன்று. அவர்கள் யாருக்காக உழைத்தார்கள் என்று அறிவதற்காக. அன்புள்ள மாணவர்களே, உங்கள் வீட்டில் முதியவர் ஒருவர் இருப்பின், அவருடைய தாத்தாவின் பெயரையும் ஊரையும் தொழிலையும் இன்றே கேட்டு எழுதி வையுங்கள். ஒவ்வோர் எழுத்தையும் கேட்டுக் கேட்டு எழுதுங்கள். அவர் சொல்வதை நீங்கள் எழுதாவிட்டால், எழுத இன்னொருவர் இல்லாமல் போகலாம்.

இவ்வாண்டு மாணவர் சேர்க்கை தொடங்கிய நாளில் பதிவேட்டை என் முன் விரித்து வைத்தேன். முதலில் வந்து நின்ற சிறுவனிடம் பெயரைக் கேட்டேன், சொன்னான். “இன்னொரு முறை சொல், தம்பி” என்றேன். அவன் மெல்ல, தெளிவாகச் சொன்னான். அதன் பிறகே எழுதுகோலைத் திறந்தேன்.